சேற்றில் கை, சிலேட்டில் எழுத்து

இந்த முறை தபாலில் வந்தவற்றில் பாதிக்கு மேல் குழந்தைகளின் கை பற்றிய கேள்விகள். ஒரு கடிதத்தில் நிஜமாகவே மாவு ஒட்டியிருந்தது.

இரண்டரை வயசுப் பையனின் அம்மா, தாம்பரம்: பிளே ஸ்கூலில் சேர்த்ததிலிருந்து தினமும் சட்டை முழுக்கப் பெயின்ட், தலை முழுக்க மணல். ஆனால் ஒரு 'அ'கூட எழுதத் தெரியவில்லை. ஃபீஸ் எதற்குத்தான் கட்டுகிறோம்?

அந்தப் பெயின்டுக்கும் மணலுக்கும்தான். இந்த வயசில் பிள்ளை கிரேயானை முஷ்டியால் பிடித்து, தோளிலிருந்து கையை மொத்தமாக வீசித்தான் கிறுக்கும். அந்த அசைவு முழங்கைக்கு இறங்கி, மணிக்கட்டுக்கு வந்து, கடைசியில் விரல் நுனியில் அடங்குவதற்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். மணலைத் தோண்டுவது, ஈரத்துணியைப் பிழிவது, மாவை அழுத்துவது எல்லாம் அதற்கான வேலைகள். பள்ளியை மாற்றாதீர்கள், சட்டையை மாற்றுங்கள். நல்ல துணி போட்டு அனுப்பிவிட்டு மாலையில் பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஓய்வுபெற்ற தாத்தா, கும்பகோணம்: எங்கள் காலத்தில் விஜயதசமியன்று மடியில் உட்கார வைத்து எழுத்தை ஆரம்பித்தார்கள். மறுநாளே சிலேட்டு. நாங்கள் எழுதவில்லையா? மாவு, சேறு, கலர் என்று எதற்கு இந்தக் கூத்து?

ஐயா, மடியில் உட்கார வைத்து எதில் எழுத வைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில், ஆட்காட்டி விரலைப் பிடித்து. கூத்தைத் தொடங்கி வைத்ததே உங்கள் தரப்புதான்.

அதற்கு முந்தைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் பழகினார்கள். மணலில் கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். இதைப் பார்த்து அசந்துபோனவர் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஆண்ட்ரூ பெல். 1789இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கான பள்ளி அவர் பொறுப்பில் வந்தது. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். திரும்பி வந்து தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் "அதெல்லாம் நடக்காது" என்று கையை விரித்தார்கள். (சென்னையில் சில பதில்கள் இருநூறு வருஷமாகியும் மாறவில்லை.) பெல் சளைக்காமல், எட்டு வயசுப் பையன் ஜான் ஃபிரிஸ்கென் என்பவனைப் பிடித்து, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டார். நடந்தது. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகவே போட்டார். அதன் பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பள்ளிகளில் மணல் தட்டு வந்தது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் நடத்திய பள்ளியிலும் அதுதான். பெல்லின் முறைக்கு அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். பெல் கொடுத்த பணத்தில் உருவான 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் இருக்கிறது.

ஆக, இங்கிருந்து கப்பலேறிப் போன சரக்கு இது. இப்போது பிளாஸ்டிக் தட்டில் போட்டு நமக்கே திருப்பி விற்கிறார்கள். அரிசி வரைக்கும் உங்கள் வழி சரி. மறுநாளே சிலேட்டு என்பதில்தான் எனக்குத் தகராறு. ஒரே நாளில் முடித்துவிட அது என்ன காப்புக்கட்டா?

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: சின்ன வயசில் மணலில் விளையாடினால் கையெழுத்து அழகாக வரும் என்றால், டாக்டர்கள் யாரும் மணலில் விளையாடவே இல்லையா?

விளையாடியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஓ.பி.யில் தினமும் நூறு சீட்டு எழுதியிருப்பார்கள்.

வாட்ஸ்அப் குழு நிர்வாகி, ஈரோடு: குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்று சுற்றுகிறது. எலும்பே இல்லாமல் ஓட்டையாகத் தெரிகிறது. 'ஏழு வயசு வரை பென்சிலைத் தொட விடாதீர்கள்' என்று போட்டிருக்கிறார்கள். ஃபார்வர்ட் செய்யலாமா?

படம் நிஜம், கீழே இருக்கும் வரி அதிகப்பிரசங்கம். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். பிறக்கும்போது எட்டுமே குருத்தெலும்பு. முதல் சில மாதங்களில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால்தான் ஓட்டை. அந்த இடம் காலியாக இல்லை. எட்டில் கடைசியாக வருவது பட்டாணி அளவுள்ள ஓர் எலும்பு. அது தலைகாட்ட ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயசு ஆகும். எலும்பு முற்றிய பிறகே எழுத்து என்று சட்டம் போட்டால், ஆறாம் வகுப்பில்தான் 'ஆனா ஆவன்னா' தொடங்க வேண்டும்.

எழுத்துக்கு எலும்பு மட்டும் போதாது. விரல் தசைகளுக்குத் தெம்பு வேண்டும், கண் பார்த்ததைக் கை செய்ய வேண்டும், ஒரு கை எழுதும்போது இன்னொரு கை காகிதத்தைப் பிடிக்க வேண்டும். மூன்று வயசில் வட்டம், நாலில் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம் என்று பார்த்து வரைய வரும். சாய்கோடு இரண்டும் வெட்டிக்கொள்ளும் பெருக்கல் குறி வர ஐந்து வயசு சுமாருக்கு ஆகலாம். முக்கோணம் அதற்கும் பிறகு. எக்ஸ்ரேவை விட இந்த வரிசை உங்கள் குழுவுக்கு உபயோகம்.

சந்தேகப் பேர்வழி அப்பா, கோவை: நான் என்ஜினீயர். மண்ணைப் பிசைந்தால் எழுத்து வரும் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள். அப்படியே, டேப்லெட்டில் எழுத்தின் மேல் விரலால் இழுக்கும் ஆப் ஒன்று வாங்கியிருக்கிறேன், அது போதுமா என்றும் சொல்லுங்கள்.

இரண்டையும் ஒரே ஆராய்ச்சியில் முடித்துவிடலாம். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் என்பவர் 2012இல் வெளியிட்டது. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயசுப் பிள்ளைகள். சில எழுத்துகளை அவர்களே கையால் எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் இழுத்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தாங்களே எழுதிய எழுத்தைப் பார்த்தபோதுதான், வாசிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் முழித்துக்கொண்டன. தட்டியதற்கும் மேலே இழுத்ததற்கும் அந்த அளவுக்கு நடக்கவில்லை.

உங்கள் ஆப்புக்கு அதில் பதில் இருக்கிறது. கண்ணாடி மேல் விரல் வழுக்கிக்கொண்டு போகும். எங்கே தொடங்குவது, எப்போது திரும்புவது என்று பிள்ளை முடிவெடுக்க வேண்டியதே இல்லை. கோணல்மாணலாக இருந்தாலும் ஒன்றுமில்லாத இடத்தில் தானே ஓர் எழுத்தை உண்டாக்குவதுதான் பாடம். அதற்கு ரவை பரப்பிய தட்டு போதும். தப்பாகப் போனால் ஒரு குலுக்கு.

ஆனால் என்ஜினீயரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது கையெழுத்து பற்றிய ஆராய்ச்சி, சேறு பற்றியது அல்ல. பிசைவது விரலுக்குத் தெம்பு தரும், தொட்ட சொரசொரப்பு எழுத்தின் வடிவத்தை நினைவில் நிறுத்த உதவும். மரியா மாண்டிசோரி உப்புத்தாள் ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவும்படி செய்ததும் இதற்காகத்தான். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் பள்ளி தொடங்கியவர் அவர். அங்கே பிள்ளைகள் படிக்கத் தெரிவதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1939இல் நம் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார், நடுவில் உலகப் போர் பிடித்துக்கொள்ள வருஷக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கினார். அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்: எழுத்து எந்தத் திசையில் எழுதப்படுமோ, அந்தத் திசையில் தடவ வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று காட்ட ஓர் ஆள் வேண்டும். பிசைய விட்டுவிட்டு நீங்கள் போனைப் பார்த்தால் பிள்ளை நன்றாகப் பிசையும். அவ்வளவுதான்.

முதல் குழந்தையின் அம்மா, சேலம்: 'சென்ஸரி கிட்' ஒன்று மூவாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் இருக்கிறது. வாங்கலாமா?

உங்கள் அடுக்களையில் இருப்பதன் மதிப்பு அதைவிடக் கூட. சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை, உரிக்கப் பட்டாணி, ஆய முருங்கைக்கீரை, தோல் நீக்கப் பூண்டு, உருட்டக் கொழுக்கட்டை மாவு. முருங்கைக்கீரையை உருவி எடுக்கிற விரல் பென்சிலைப் பிடிக்கத் திணறாது. இட்லி மாவைக் கையால் கரைக்க விட்டால் தோள் வரைக்கும் வேலை. என்ன, கீரை பாதி தரையில் கிடக்கும், சமையல் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும்.

வாசலில் கோலம் போடுவீர்களா? கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து, வேண்டிய அளவு மட்டும் விடுவது பெரியவர்களுக்கே லேசான வித்தையில்லை. மூன்று வயசுக்குப் புள்ளி வைக்க விடுங்கள், நாலில் இரண்டு புள்ளியைச் சேர்க்கட்டும். அரிசி மாவாக இருக்கட்டும். கல்மாவுத் தூள் மூச்சில் போகும். சுண்ணாம்பு கிட்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

அந்தக் கிட்டில் தண்ணீரில் ஊறி உப்பும் ஜெல்லி உருண்டை இருந்தால், பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்புங்கள். விழுங்கிவிட்டால் குடலுக்குள் போய் உப்பி அடைத்துக்கொள்ளும். ஆபரேஷன் வரை போன குழந்தைகள் உண்டு.

அதே அம்மா, சேலம்: சரி, விரலால் பூசும் பெயின்டை வீட்டிலேயே செய்ய முடியுமா?

ஒரு கப் மைதாவை மூன்று கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கிண்டிக்கொண்டே கூழாகக் காய்ச்சுங்கள். போஸ்டர் ஒட்டும் பசைதான், கொஞ்சம் தளர. ஆறியதும் பிரித்து, ஒன்றில் மஞ்சள் தூள், ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் கீரைச் சாறு. காய்ச்சுவது முக்கியம், பச்சை மாவு வாய்க்குள் போனால் வயிற்றுக்கு ஆகாத கிருமிகள் இருக்கலாம். அன்றன்றைக்குச் செய்து அன்றே கொட்டிவிடுங்கள். மஞ்சள் பட்ட துணியில் சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறும், அலறாதீர்கள். அலசி வெயிலில் காயப்போட்டால் தானே வெளுக்கும்.

மாமியார், காரைக்குடி: மருமகள் பேரனை மண்ணில் இறக்கி விடுகிறாள். கிருமி, பூச்சி என்று ஒன்றும் கவலையில்லை. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சொல்கிறேன், இரண்டு பேருக்கும். பூச்சி பற்றி உங்கள் கவலை நியாயம். நாய் பூனை அசிங்கம் செய்கிற மண் கூடாது. மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி போட்ட தொட்டியில் வையுங்கள். விளையாடி முடித்ததும் சோப்பு, நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அங்கன்வாடியில் தேசியக் குடற்புழு நீக்க நாளில், அதாவது பிப்ரவரி 10இல், கொடுக்கிற மாத்திரையைத் தவறவிடாதீர்கள். இத்தனையும் செய்துவிட்டால், மருமகள் பக்கம் நான்.

வாடகை வீட்டுக்காரர், மயிலாப்பூர்: சோளமாவில் தண்ணீர் கலந்தால் குத்தினால் கல்லாகவும் விட்டால் கூழாகவும் ஆகிறது என்று பையனுக்குச் செய்து காட்டினேன். பிறகு சிங்க்கில் கொட்டினேன். இப்போது ஹவுஸ் ஓனர் கோபத்தில் இருக்கிறார்.

இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற கணக்கு எழுதியவர், 'சிங்க்கில் கொட்டாதே' என்று எழுத மறந்துவிட்டார் போலும். அது குழாயின் வளைவில் அடியில் படிந்து இறுகிவிடும். தட்டோடு காயவிட்டு, பொடியாக உதிர்த்துக் குப்பையில் போட வேண்டும்.

ஓனர் சமாதானமாகும் வரை தண்ணீர் மட்டும். பழைய பெயின்ட் பிரஷ், ஒரு வாளி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். நின்றுகொண்டு சுவரில் எழுதும்போது மணிக்கட்டு தானாகவே பின்னால் மடங்கும், எழுதுவதற்கு வேண்டிய நிலை அதுதான். தோளுக்கும் பலம். பெரிய 'ட', பெரிய 'ப', அப்பா பெயர், ஓனர் பெயர், எதை எழுதினாலும் ஐந்து நிமிஷத்தில் வெயில் அழித்துவிடும்.

அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி மாவட்டம்: ஒரே அறை, இருபது பிள்ளைகள், தண்ணீர் குடத்தில்தான். இதெல்லாம் எங்களுக்கு ஆகிற கதையா?

உங்களுக்குத்தான் முதலில் ஆக வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டில் பென்சிலே இருக்காது, ஆனால் மண் இருக்கும். தண்ணீர் கஷ்டம் என்பதால் உலர்ந்ததிலேயே தொடங்குங்கள்: தகரத் தட்டில் மணல், ஐந்து பேருக்கு ஒரு தட்டு. மற்றவர்கள் பாட்டுப் பாடட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டால், எப்படியும் கழுவப் போகிற கையைத்தான் கழுவுகிறீர்கள், தனியாகத் தண்ணீர் செலவில்லை. மழைக்குப் பிறகு வாசல் மண்ணே களிமண்ணாகும், அன்றைக்கு அட்டவணையை ஓரமாக வையுங்கள். பாம்பு உருட்டச் சொல்லுங்கள், அந்தப் பாம்பை வளைத்தால் எழுத்து.

பெரிய பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையும் சொட்டாங்கல்லும். உள்ளங்கையில் இருக்கும் கல்லை இன்னொரு கையின் உதவியில்லாமல் விரல் நுனிக்கு நகர்த்துகிற வித்தை சொட்டாங்கல்லில் இருக்கிறது. பென்சிலை விரலுக்குள்ளேயே திருப்புவதற்கும் அதே வித்தைதான். மூன்றுக்குக் கீழே இருப்பவர்களிடம் கொட்டை, கல் எதையும் கொடுக்காதீர்கள், மூக்குக்குள் போய்விடும். மேலதிகாரி வந்து 'எழுத்து எங்கே' என்று கேட்டால், தட்டைக் காட்டுங்கள். அவரையும் ஒரு 'ஐ' போடச் சொல்லுங்கள்.

மூன்று வயசுப் பெண்ணின் அப்பா, பாண்டிச்சேரி: கையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டினால்கூட அழுகிறாள். பெயின்டைக் கண்டால் ஓடுகிறாள். பிடித்து உட்கார வைத்துக் கையை முக்கிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். முக்கினால் அவளுக்குப் பெயின்ட் மட்டுமில்லை, உங்களையும் பிடிக்காமல் போகும். சில பிள்ளைகளுக்குத் தொடு உணர்ச்சி அதிகம். நமக்கு 'பிசுபிசு' என்பது அவர்களுக்கு உடம்பெல்லாம் கூசும். உலர்ந்ததிலிருந்து தொடங்குங்கள்: அரிசி, ராகி, பிறகு ரவை. கையால் வேண்டாம் என்றால் கரண்டி கொடுங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் பெயின்டைப் போட்டு மூடி, வெளியிலிருந்து விரலால் எழுதச் சொல்லலாம், கை சுத்தமாகவே இருக்கும். பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும், வேண்டும்போது அவளே துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும். உடை, தலை சீவுவது, சாப்பாடு என்று எல்லாவற்றிலும் இதே அழுகை என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எல்.கே.ஜி. அம்மா, திருச்சி: பென்சிலை மூன்று விரலால் பிடிக்காமல் நாலு விரலால் பிடிக்கிறான். வகுப்பில் தினமும் திட்டு.

நாலு விரல் பிடியிலும் வேகமும் தெளிவும் குறைவதில்லை என்று ஆராய்ந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். கை வலிக்கிறதா, சீக்கிரம் களைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம். வேண்டுமானால் புது கிரேயானை ஒடித்து அங்குல நீளத் துண்டாகக் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது.

இடக்கைப் பிள்ளையின் பாட்டி, மதுரை: சோற்றுக் கைக்கு மாற்றிவிட மணல் விளையாட்டு உதவுமா?

மணலுக்கு இடம் வலம் தெரியாது, பாட்டி. நீங்களும் தெரியாத மாதிரி இருந்துவிடுங்கள்.

ஒரு தாய், விழுப்புரம்: பெண் பல்பம் தின்கிறாள். மண்ணையும் தேடித் தேடி வாயில் போடுகிறாள். விளையாட்டு என்று விட்டுவிடலாமா?

இது வேறு சமாச்சாரம். ஒன்றரை வயசுக் குழந்தை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். வளர்ந்த பிள்ளை ஆசைப்பட்டுத் தேடித் தின்றால் பெரும்பாலும் ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும். டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள். அதுவரை பல்பமும் மணலும் உங்கள் கண் எதிரில் மட்டும்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன், தூத்துக்குடி: மணலில் முதலில் எந்த எழுத்து? 'அ'தானே?

வரிசைக்கு 'அ' முதல், கைக்கு அல்ல. 'அ'வில் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுங்கோடு எல்லாம் இருக்கிறது. 'ட' இரண்டே கோடு, 'ப' மூன்று, அடுத்து 'ம'. மூன்றும் வந்தால் 'படம்' என்று ஒரு சொல்லே எழுதிவிடலாம், மகரத்துக்குப் புள்ளி வைக்கிற சந்தோஷம் தனி. சுழியெல்லாம் சேற்றில் உருட்டிப் பழகிய பிறகு. 'ஞ'வை அவசரப்படுத்தாதீர்கள், பெரியவர்கள் பலரே அதைத் தவிர்த்துத்தான் எழுதுகிறோம்.

கார்பெட் போட்ட வீட்டுக்காரர், பெங்களூர்: இந்த 'பிளே-டோ' என்கிற கலர் மாவை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தார்? சோபா, கார்பெட், நாய் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறது.

கேட்டால் இன்னும் எரிச்சலாகும். அது சுவரைச் சுத்தம் செய்யக் கண்டுபிடித்த சாமான். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு கம்பெனி, நிலக்கரி அடுப்பின் கரி படிந்த சுவர்க்காகிதத்தைத் துடைத்தெடுக்க இந்த மாவை விற்றது. கேஸ் அடுப்பு வந்து கரி போனதும் வியாபாரம் படுத்தது. குடும்பத்தில் உறவான ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார், 1950களின் நடுவில் விளையாட்டுப் பொருளாக மாறிவிட்டது. காயவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் கார்பெட்டிலிருந்து உதிரும். நாய்க்கு வாக்குறுதி தர முடியாது. வீட்டில் செய்கிற உப்பு மாவு என்றால் நாயும் பிள்ளையும் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு உப்பு இருவருக்கும் ஆபத்து.

பெயர் சொல்ல விரும்பாத கணவர், சென்னை: மகள் மாவு பிசையும்போது எனக்கும் ஆசையாக இருக்கிறது. நானும் உட்காரலாமா?

தாராளமாக. துடைப்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.